முதல் சர்க்கரைப் பரிசோதனை: லேபுக்குப் போவதற்கு முன்பும் ரிப்போர்ட் கைக்கு வந்த பின்பும்

சர்க்கரை நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், காரணமில்லாமல் எடை இறங்குவது, ஆறாத புண் என்று நாம் கேள்விப்பட்ட அறிகுறிகளெல்லாம் சர்க்கரை நன்றாக ஏறிய பிறகே வருபவை. அதற்குள் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் கால் நரம்புகளிலும் பாதிப்பு தொடங்கியிருக்கலாம். அதனால்தான் உடம்பு நன்றாக இருக்கும்போதே சோதித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். "எனக்கு ஒன்றும் இல்லையே, எதற்கு டெஸ்ட்?" என்று கேட்பவர்களுக்காகவே இந்தப் பரிசோதனை இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனுடன் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. 20 வயது தாண்டியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 15.3 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய நிலை, அதாவது சர்க்கரை இயல்பைத் தாண்டியும் நோயின் எல்லையைத் தொடாத கட்டம். ஆட்கணக்கில் சொன்னால் 10.1 கோடி, 13.6 கோடி. தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த 13.6 கோடி. இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் நோய் வராமலே தடுக்கவோ பல வருடம் தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதைக் காட்டிக்கொடுக்க இரத்தப் பரிசோதனையைத் தவிர வேறு வழி இல்லை.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

30 வயது ஆகிவிட்டால் தேவை, அவ்வளவுதான். மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டமும் 30 வயதிலிருந்தே எல்லோரையும் சோதிக்கச் சொல்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பொதுவாக 35 என்கிறது. நமக்கு இந்த நோய் அங்கிருப்பவர்களைவிடச் சீக்கிரமாகவும், குறைந்த எடையிலும் வருகிறது என்பதால் 30-ஐயே வைத்துக்கொள்வது நல்லது.

30-க்குக் கீழே இருப்பவர்கள் தங்கள் அபாயத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மருத்துவர் வி. மோகன் குழுவினர் சென்னையில் நடத்திய ஆய்விலிருந்து 2005-இல் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் அது. ஊசி வேண்டாம், ஒரு இஞ்ச் டேப் போதும். வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-க்கு மேல் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ.க்குள், ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருந்தால் 0. பெண்களுக்கு 80 முதல் 89, ஆண்களுக்கு 90 முதல் 99 என்றால் 10, அதற்கும் மேலே போனால் 20. அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. உடலுழைப்பும் உடற்பயிற்சியும் நன்றாக இருந்தால் 0, இரண்டும் இல்லாமல் உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு 30. கூட்டுத்தொகை 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம் என்று பொருள்.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை செய்யும் 28 வயதுப் பையனை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 0. இடுப்பு 92 செ.மீ. என்பதால் 10. உடற்பயிற்சி கிடையாது, 30. அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை, 20. மொத்தம் 60. இந்த வயதில் அவனை யாரும் டெஸ்ட் எடுக்கச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அவன் எடுத்தே ஆக வேண்டும்.

இடுப்பை அளக்கும்போது பேன்ட் கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்தால் எண்தான் குறையும், அபாயம் குறையாது.

இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்தவர்கள், சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை என்று சொல்லப்பட்ட பெண்கள், காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், ஆஸ்துமா, மூட்டுவலி, தோல் நோய் என்று எதற்காகவாவது ஸ்டீராய்டு மாத்திரை தொடர்ந்து சாப்பிடுபவர்கள் இந்த மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேராகப் பரிசோதனைக்குப் போகலாம். எடையைப் பொறுத்தவரை நமக்கு உடல் நிறைக் குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைப் பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு) 23-ஐத் தாண்டினாலே அதிகம்தான். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது ஏறக்குறைய 63 கிலோ. "நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்" என்பவர்களும் கண்ணாடியை நம்பாமல் இடுப்பை ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.

எங்கே போவது

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் பரிசோதனை இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் வந்தால் "அப்புறம் வாங்க" என்று சொல்லாமல் விரலை நீட்டுங்கள். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் அந்தக் குளுக்கோமீட்டர் சோதனை யாருக்கு மேல்பரிசோதனை தேவை என்று பிரித்துக் காட்டத்தான். பொதுவாக 140-க்கு மேல் காட்டினால் அடுத்த சோதனைக்கு அனுப்புவார்கள்.

குளுக்கோமீட்டரை வைத்து மட்டும் "உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது" என்று யாரும் முடிவு சொல்லக் கூடாது. தரமான கருவியே 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம் என்று சர்வதேசத் தரவிதி அனுமதிக்கிறது. வைத்தியம் எடுப்பவர் வீட்டில் பார்த்துக்கொள்ள அது போதும். நோயை உறுதி செய்ய கையிலுள்ள இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்து லேபில் பார்க்க வேண்டும்.

எந்தப் பரிசோதனை

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கடைத்தெருவில் தொங்கும் "முழு உடல் பரிசோதனை" விளம்பரங்களைப் பார்த்துவிட்டு 60 சோதனை அடங்கிய பேக்கேஜ் வாங்க வேண்டியதில்லை. நமக்குத் தேவையானவை மூன்றே.

முதலாவது வெறும் வயிற்றுச் சர்க்கரை. குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் காலையில் எடுப்பது. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் இதை மட்டும் நம்பினால் சிலரைத் தவறவிடுவோம். காலையில் சரியாக இருந்து சாப்பாட்டுக்குப் பின் மட்டும் எகிறும் ஆட்கள் நம்மிடையே நிறைய.

இரண்டாவது எச்பிஏ1சி. மூன்று மாதச் சர்க்கரை என்று லேபில் சொல்வார்கள். இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை இது அளக்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்பதால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். வெறும் வயிறு அவசியமில்லை, மதியம் சாப்பிட்டுவிட்டும் போகலாம். ஆனால் இது ஹீமோகுளோபினை நம்பி நிற்கும் சோதனை. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் எண் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் இரத்தம் அதிகம் போயிருந்தாலோ, இரத்தம் ஏற்றியிருந்தாலோ குறைத்துக் காட்டலாம். தலசீமியா, சிறுநீரகச் செயலிழப்பு, கர்ப்பம் ஆகியவற்றிலும் இதை நம்ப முடியாது. நம் வீட்டுப் பெண்களில் இரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்பது தெரிந்ததே. ஆகவே அவர்களுக்கு எச்பிஏ1சி எடுக்கும்போது ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது ஜி.டி.டி. எனப்படும் குளுக்கோஸ் சோதனை. வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். நேரம் பிடிக்கும், இனிப்பு குமட்டும். ஆனால் உடம்பு சர்க்கரையை எப்படிக் கையாள்கிறது என்பதை இதுதான் நேரடியாகக் காட்டுகிறது.

"சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து" எடுக்கும் சோதனையும் இதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. ஜி.டி.டி.க்குக் கீழே சொல்லப்போகும் 140, 200 என்ற எல்லைகள் 75 கிராம் குளுக்கோஸுக்காக வகுக்கப்பட்டவை. ஒருவர் இரண்டு இட்லி சாப்பிட்டிருப்பார், இன்னொருவர் ஆறு தோசையும் சர்க்கரை போட்ட காபியும் முடித்திருப்பார். இரண்டு பேரையும் ஒரே கோட்டில் நிறுத்த முடியாது. காலை உணவுக்குப் பின் 170 வந்தால் பயந்து மாத்திரை தேடவும் வேண்டாம், "நேற்று கல்யாணச் சாப்பாடு, அதனால்தான்" என்று ஒதுக்கவும் வேண்டாம். இன்னொரு நாள் ஜி.டி.டி. எடுத்துத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் வழி இது: முதல்முறை வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் எச்பிஏ1சியையும் ஒரே குத்தில் எடுத்துவிடுங்கள். இரண்டில் ஒன்று எல்லையில் நின்றாலோ, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனாலோ, கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர் என்றாலோ ஜி.டி.டி.க்குப் போகலாம்.

முந்தின நாளும் அன்று காலையும்

டெஸ்டுக்காக யாரும் விரதம் தொடங்கக் கூடாது. மூன்று நாள் சோறு இனிப்பு எல்லாம் நிறுத்தி, நல்ல ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து பழையபடி சாப்பிடுகிறவர்கள் உண்டு. யாரை ஏமாற்றுகிறோம்? ஜி.டி.டி.க்கு முன்பு மாவுச்சத்தை அப்படிக் குறைத்தால் நல்ல உடம்புக்காரருக்கும் எண் உயர்ந்து காட்டக்கூடும். முந்தைய மூன்று நாளும் எப்போதும்போலச் சாப்பிடுங்கள், எப்போதும்போல நடமாடுங்கள்.

இரவு 9 மணிக்குள் சாப்பாட்டை முடித்தால் காலை 7 மணிக்கு இரத்தம் கொடுக்க வசதி. இடையில் வெறும் தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். காபி, டீ, கஞ்சி, இளநீர் எதுவும் கூடாது. சர்க்கரை போடாத காபி பரவாயில்லை என்பது தவறு. காலை நடைப்பயிற்சியை அன்று ஒருநாள் தள்ளி வையுங்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரை வழக்கமாகச் சாப்பிடுபவர்கள் அதை எப்போது போடுவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். காய்ச்சல், தொற்று, அறுவை சிகிச்சை போன்ற நேரங்களில் சர்க்கரை தற்காலிகமாக ஏறும், அதனால் குணமான பிறகு எடுப்பது நல்லது.

ஜி.டி.டி. என்றால் குளுக்கோஸ் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் என்பது முதல் மடக்கிலிருந்து தொடங்குகிறது, அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். பிறகு அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே போய் ஒரு வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினால் நடையில் சர்க்கரை செலவாகி எண் குறைந்துவிடும். பீடி, சிகரெட் கூடாது. வாந்தி வந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், அன்றைய சோதனை செல்லாது.

இன்னொன்று பெரும்பாலோர் கவனிக்காதது. குழாயில் எடுத்து வைத்த இரத்தத்திலும் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. அப்படியே வெளியில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதனால்தான் சர்க்கரைக்கு ஃபுளூரைடு போட்ட, சாம்பல் நிற மூடிக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் உடனே வேலை செய்யாது, சீக்கிரம் லேபுக்குப் போனால்தான் நம்பலாம். வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பவரிடமும் முகாமில் எடுப்பவரிடமும் "எத்தனை மணிக்கு லேப் போய்ச் சேரும்?" என்று தாராளமாகக் கேளுங்கள். அவர் இன்னும் பத்து வீடு சுற்றப்போகிறார் என்றால் நேராக லேபுக்குப் போவதே மேல்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

எண்கள் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் இருக்கும்.

வெறும் வயிற்றில்: 100-க்குக் கீழ் இயல்பு, 100 முதல் 125 வரை முந்தைய நிலை, 126-லிருந்து சர்க்கரை நோய்.
ஜி.டி.டி. இரண்டாம் மணி நேரத்தில்: 140-க்குக் கீழ் இயல்பு, 140 முதல் 199 வரை முந்தைய நிலை, 200-லிருந்து சர்க்கரை நோய்.
எச்பிஏ1சி: 5.7-க்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5-லிருந்து சர்க்கரை நோய்.

வெறும் வயிற்றில் முந்தைய நிலை 110-இல்தான் தொடங்குகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பல லேப்கள் ரிப்போர்ட்டின் ஓரத்தில் 70 முதல் 110 வரை இயல்பு என்று அச்சிடுவதால், 106 வந்தவருடைய எண் தடித்த எழுத்தில் வராது. அவரும் "எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவார். ஓரத்தில் உள்ளதை விடுங்கள், உங்கள் எண்ணைப் பாருங்கள்.

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்துச் சர்க்கரை நோய் என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டு சோதனை எல்லையைத் தாண்ட வேண்டும். ஒரே நாளில் வெறும் வயிற்றில் 131, எச்பிஏ1சி 6.8 என்றால் இரண்டும் தாண்டிவிட்டன, உறுதி. வெறும் வயிற்றில் 131, எச்பிஏ1சி 6.1 என்றால் தாண்டிய சோதனையை, அதாவது வெறும் வயிற்றுச் சர்க்கரையை, இன்னொரு நாள் திரும்ப எடுக்க வேண்டும். தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு எல்லாம் இருந்து எந்த நேரத்தில் பார்த்தாலும் 200-க்கு மேல் என்றால் மறுசோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சர்க்கரை மிக அதிகமாக இருந்து கூடவே வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், மயக்கம் போன்ற சோர்வு இருந்தால் அது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம்.

அடுத்து என்ன

இயல்பு என்று வந்தவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது திரும்பப் பார்க்க வேண்டும். அபாய மதிப்பெண் 60-ஐத் தொட்டவர்கள் வருடம் ஒருமுறை பார்ப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

முந்தைய நிலை, அதாவது பார்டர் என்று வந்தவர்களிடம்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. "பார்டர்தானே, பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் இப்படி முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்று வருடத்தில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் தொடர்ந்து கவனிக்க உதவி பெற்றவர்களில் அது 39.3 சதவீதம். அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தராசு அசையவில்லை என்று மனம் விட்டு நிறுத்திவிடாதீர்கள், பலன் உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது வாரத்துக்கு 150 நிமிட வேக நடை அல்லது அதற்கு ஈடான உழைப்பு. எடை கூடுதல் என்றால் அதில் 7 சதவீதம் வரை குறைக்கும் முயற்சி, அதாவது 80 கிலோ இருப்பவருக்கு ஐந்தரை கிலோ. சாப்பாட்டில் சர்க்கரையை மட்டும் நிறுத்திவிட்டு மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை அதே அளவில் சாப்பிட்டால் பெரிய மாற்றம் வராது. சோற்றை முதலில் வைத்துக் கூட்டு பொரியலைத் தொட்டுக்கொள்ளும் பழக்கத்தை மாற்றி, தட்டில் பாதியைக் காய்க்கு ஒதுக்குங்கள். சுண்டல், பயறு, முட்டை, மீன் ஏதாவது ஒன்று வேளைதோறும் இருக்கட்டும், சோறு அதற்குப் பின் வரட்டும். சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். வருடம் தவறாமல் மறுசோதனை.

சர்க்கரை நோய் உறுதியானால் அழ வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் கண்டுபிடித்த உடனேயே விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிறுநீர் ஆல்புமினும் இரத்தக் கிரியேட்டினினும், கொழுப்பு, இரத்த அழுத்தம், பாத உணர்வு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதே காரணம். உங்களுக்கு வந்திருக்கிறது என்றால் கூடப் பிறந்தவர்களையும் வயது வந்த பிள்ளைகளையும் அதே மாதத்தில் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வைத்து, போனிலும் படமெடுத்து வையுங்கள். அடுத்த மருத்துவருக்கு இன்றைய எண்ணைவிட அது வருடா வருடம் எப்படி நகர்கிறது என்பதே அதிகம் சொல்லும்.

கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்த பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள்தான் அதிகம் விடுபட்டுப் போகிறார்கள். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதைச் சோதிக்கும் வழக்கம் பரவியதில் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யாவின் பங்கு பெரிது. அவர் பிறந்த மார்ச் 10 கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக இந்தியாவில் கடைப்பிடிக்கப்படுகிறது. கர்ப்பத்தில் தவறாமல் சோதிக்கிறோம், பிரசவம் முடிந்ததும் சர்க்கரை இறங்கிவிடுகிறது, அதோடு எல்லோரும் மறந்துவிடுகிறோம். அந்தப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவத்துக்கு 6 வாரம் கழித்து ஜி.டி.டி. எடுக்க வேண்டும், அப்போது எச்பிஏ1சி சரிப்படாது. பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது, வாழ்நாள் முழுவதும். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட எப்படியும் போவீர்கள். அதே நாளில் அம்மாவுக்கும் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே அங்கே கேட்டு வையுங்கள். அவர் வெறும் வயிற்றில் வந்து இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போகட்டும், இரண்டாவது முறை இரத்தம் எடுத்ததும் சாப்பிட டிபனும் கையில் இருக்கட்டும்.